வால்மீன் படம் சொதப்பினால்: செட்டிநாட்டு வானத்தில் பழுதைத் தேடும் வழி

வால்மீன் படம் சரியாக வரவில்லை என்றதும் பழி முதலில் கேமரா மேல் விழும். டிராக்கர் (வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் கருவி) என்ன விலை, பெரிய லென்ஸ் என்ன விலை என்று விசாரணை தொடங்கிவிடும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் பெரும்பாலான பழுது நிற்கும் இடத்திலும், நேரத்திலும், ஃபோகஸிலும், லென்ஸில் படியும் ஈரத்திலும்தான் இருக்கிறது. இந்த நாலும் அனேகமாகக் காசு இல்லாமலே தீரும். இவற்றைச் சரிபார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

உங்கள் படத்தில் தெரியும் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சுலபமான காரணம் மேலே, செலவு வைப்பது கீழே. 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, 50 முதல் 200 மி.மீ.க்குள் ஒரு லென்ஸ், முக்காலி, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் படம்) என்று வைத்துக்கொண்டுதான் கணக்கெல்லாம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் ஒரு படத்துக்குச் சொல்லும் வினாடிகளை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

குறை 1: படத்தில் வால்மீனே இல்லை

*ஆப் காட்டுகிறது, வானத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது*

வால்மீனின் பாதைக் கணக்கு அடிக்கடி திருத்தப்படும். மாதக்கணக்கில் புதுப்பிக்காத ஆப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு தப்பான இடத்தைக் காட்டும். கணினியில் ஸ்டெல்லேரியம் (வான வரைபட மென்பொருள்) வைத்திருப்பவர்கள் பிளகின் பட்டியலில் சோலார் சிஸ்டம் எடிட்டரை இயக்கி, வால்மீன், சிறுகோள் கணக்குகளைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டர் பட்டியலிலிருந்து அந்த வால்மீனைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் நாசாவின் ஜேபிஎல் ஹொரைஸன்ஸ் (வான்பொருள் இருப்பிடக் கணக்கு) இணையப் பக்கத்தில் ஊரின் இருப்பிடத்தைக் கொடுத்து (காரைக்குடிக்கு வடக்கு 10.07, கிழக்கு 78.78) அன்றைய உயரத்தையும் திசையையும் ஒப்பிடுங்கள். அங்கே நேரம் உலக நேரத்தில் வரும். ஐந்தரை மணி கூட்ட மறந்தால் தேடுவதே வேறு வானம்.

அடுத்து போனின் திசைகாட்டி. ஜன்னல் கம்பி, கார் பானெட், பைக் டேங்க் பக்கத்தில் பிடித்தால் அது பொய் சொல்லும். வெள்ளி, வியாழன் மாதிரி கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை ஆப்பில் வைத்துப் பாருங்கள். அது பொருந்தவில்லையென்றால் வால்மீனும் பொருந்தாது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அகலவாட்டில் 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. தெரிந்த நட்சத்திரத்திலிருந்து முஷ்டியால் அளந்து போவது போனை நம்புவதைவிடச் சரியாக இருக்கும்.

*திசை சரி, ஆனால் மரமும் வீடும் மறைக்கின்றன*

வெளிச்சமான வால்மீன்கள் பெரும்பாலும் சூரியனுக்குப் பக்கத்தில், அடிவானத்தை ஒட்டித்தான் இருக்கும். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) நின்றால் உச்சி வானம் ஒரு சதுரம் தெரியும், அவ்வளவுதான். மொட்டை மாடியும் பல தெருக்களில் போதாது. எதிர்வீட்டு இரண்டாம் மாடியே 15 டிகிரியைத் தின்றுவிடும். தைல மரக் காட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 மீட்டர் மரத்துக்கு 60 மீட்டர் தள்ளி நின்றால் 14 டிகிரி வரை மறைப்பு. 200 மீட்டர் தள்ளினால் 4 டிகிரிதான்.

இந்தப் பக்கத்துக்குத் தோதான இடம் கண்மாய்க் கரை. நிலம் கிழக்குப் பார்த்துச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். நீர்ப்பிடிப்பு மேற்கே விரிந்து கிடக்கும். மாலை வால்மீனுக்குக் கரைமேல் நின்று தண்ணீருக்கு மேலே பாருங்கள். விடிகாலை வால்மீனுக்கு அதே கரையில் திரும்பி நின்றால் ஆயக்கட்டு வயல், கிழக்கு அடிவானம் வரை திறந்திருக்கும். பகலில் ஒருமுறை போய், கருவேலம் எங்கே அடைத்து நிற்கிறது என்று பார்த்துவைக்க வேண்டும். ராத்திரியில் கரை என்றால் முழங்கால் வரை பூட்ஸும் டார்ச்சும் கட்டாயம். கட்டுவிரியன் நடமாடும் நேரமும் அதுதான்.

*அடிவானம் திறந்திருக்கிறது, நேரம் தப்பு*

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். மறைந்து சுமார் 25 நிமிடத்தில் முதல் நட்சத்திரங்கள், 50 நிமிடத்தில் ஓரளவு இருட்டு, ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. மறையும் நேரத்தில் 15 டிகிரி உயரத்தில் இருக்கும் வால்மீன் ஒரு மணி நேரத்தில் தானும் மறைந்துவிடும். ஆக, கையில் இருப்பது 25வது நிமிடத்திலிருந்து 50வது நிமிடம் வரை. முழு இருட்டு வரட்டும் என்று காத்திருந்தால் அது போயே போயிருக்கும். சூரியன் முழுக்க இறங்குமுன் பைனாகுலரையோ டெலி லென்ஸையோ அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. கண் போனால் வராது.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நேரம் குறிக்காதீர்கள். 2020 ஜூலையில் நியோவைஸ் வால்மீன் வடக்கு ஐரோப்பாவில் இரவெல்லாம் தெரிந்தது. நமக்கு மாலையில் வடமேற்கில் தாழ்வாக மட்டும். 2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் மாலை வானத்துக்கு வந்து சேர்ந்தபோது வடகிழக்குப் பருவமழையும் கூடவே வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகும் இருபது நிமிடத்துக்காகத் தயாராக இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

*இடம், நேரம் எல்லாம் சரி, இன்னும் காணோம்*

மேக்னிட்யூட் (வெளிச்ச அளவு) எண்ணைப் பாருங்கள். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. 5 என்று போட்ட வால்மீன் 5 மேக்னிட்யூட் நட்சத்திரம் மாதிரி புள்ளியாக இருக்காது. அதே வெளிச்சம் பரந்து கிடப்பதால் கண்ணுக்கு இன்னும் மங்கலாகத்தான் தெரியும். இதுபோக, 10 டிகிரி உயரத்தில் வரும் ஒளி உச்சியிலிருந்து வருவதைப்போல ஐந்தரை மடங்கு காற்றைத் தாண்டி வருகிறது. 5 டிகிரியில் பத்து மடங்கு. கோடைப் புழுதியில் இதுவே ஆளை முழுங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து அது உயரும் என்றால் காத்திருப்பதே மருந்து.

எடுத்த படத்தை அஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்தில் ஏற்றினால் படம் வானத்தின் எந்தப் பகுதி என்று சொல்லிவிடும். அந்த இடத்தில் வால்மீன் இருந்தாக வேண்டுமா இல்லையா என்பது அத்தோடு முடிவாகும்.

குறை 2: ஏதோ பச்சையாக விழுந்திருக்கிறது, வால்மீன்தானா?

கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்தால் வானத்துப் பொருள். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் தெருவிளக்கோ நிலாவோ லென்ஸுக்குள் அடிக்கும் பிரதிபலிப்பு. படத்தின் மையத்துக்கு அந்தப் புறம் சரி தூரத்தில் விளக்கு நிற்கும். ஃபிரேமில் அதே இடத்தில் கறையாக நின்றால் சென்சார் தூசி. அந்தி வெளிச்சத்தில் வாலோடு மெல்ல நகர்வது விமானப் புகை; பத்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

வானத்துப் பொருள்தான் என்றாலும் ஆண்ட்ரோமெடா மண்டலம், ஓரியன் நெபுலா போன்றவை இப்படியே மங்கலாகத்தான் விழும். ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு படம் எடுத்து, பக்கத்து நட்சத்திரங்களை வைத்துப் பாருங்கள். இடம் மாறினால்தான் வால்மீன். பட்டியல் எதிலும் இல்லாத ஒன்று நிஜமாகவே நகர்கிறது என்றால் முகநூலில் போடுமுன் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திலோ வானியல் குழுவிலோ அனுபவப்பட்ட ஒருவரிடம் ரா ஃபைலைக் காட்டுங்கள்.

குறை 3: எல்லா நட்சத்திரத்துக்கும் வால் முளைத்திருக்கிறது

வாலின் வடிவத்தைப் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

*எல்லாம் ஒரே பக்கம், ஒரே நீளக் கோடு*

பூமி சுற்றுவதால் வரும் கோடு. ஒரு படத்துக்கு எத்தனை வினாடி என்று 500ஐ லென்ஸ் நீளத்தால் வகுக்கும் பழைய விதி இன்றைய சென்சாருக்கு அளவுமீறித் தாராளம். 50 மி.மீ.க்கு 3 வினாடி, 85க்கு 2, 135க்கு 1, 200க்கு 0.8. இதில் கோடு மூன்று பிக்சல் அளவில் நிற்கும், கண்ணை உறுத்தாது. வெளிச்சம் குறையும், உண்மைதான். அதை ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு) 1600 அல்லது 3200 வைத்து, நூறு படம் எடுத்து மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஈடுகட்ட வேண்டும்.

*கோணல்மாணல், கொக்கி, இரட்டைப் புள்ளி*

ஆட்டம். முதலில் லென்ஸின் ஸ்டெபிலைசரை (கைநடுக்கத்தை அடக்கும் வசதி) அணையுங்கள். முக்காலியில் அது தானே ஆட்டத்தை உண்டாக்கும். பிறகு 2 வினாடி டைமர். கழுத்துப் பட்டை காற்றில் அடித்தால் கழற்றிவிடுங்கள். முக்காலியின் நடுத்தண்டு இறக்கியே இருக்கட்டும். ஆடிக் காற்றில் கரைமேல் நிற்க வேண்டாம், சரிவில் இறங்கி நில்லுங்கள். மாடியில் என்றால் பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது.

*ஓரத்தில் மட்டும் குட்டி வால்*

லென்ஸை முழுக்கத் திறந்தால் மூலை நட்சத்திரங்கள் இறக்கை விரிக்கும். திறப்பைக் குறைத்து, எஃப்/1.8ஐ எஃப்/2.8 ஆக்கிப் பாருங்கள். நாலு மூலையும் ஒன்றுபோலச் சீரானால் லென்ஸ் நலம். ஒரு பக்கம் மட்டும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. ஸ்குரு டிரைவரைத் தொடாதீர்கள், சர்வீஸ் சென்டர் வேலை அது.

*புள்ளிக்குப் பதில் வட்டம், வடை ஓட்டை*

ஃபோகஸ். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. பல லென்ஸ்களில் வளையம் அதைத் தாண்டியும் சுற்றும். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, லைவ் வியூவில் நடுத்தர வெளிச்ச நட்சத்திரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மயிரிழை மயிரிழையாகச் சுற்றினால் புள்ளி சுருங்கி, விளிம்பில் ஊதாச் சாயல் பச்சைக்கு மாறும் ஒரு இடம் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, செலோ டேப் ஒட்டுங்கள். ஜூம் லென்ஸ் மேலே பார்க்கும்போது தன் பாரத்தில் வழுகும், ஜூம் வளையத்துக்கும் ஒரு டேப். அரைமணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

ஃபோகஸ் சரியாகவே இருந்தும் 200 மி.மீ.யில் நட்சத்திரம் உப்பித் தெரிந்தால், ஓட்டு வீடுகளுக்கு மேலாகப் பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த நாட்டு ஓடும் தட்டோட்டு மாடியும் இரவு எட்டு மணிக்கும் சூட்டைக் கக்கும். அதற்கு மேலே காற்று நெளியும். இடத்தை மாற்றாமல் இதற்குத் தீர்வில்லை.

குறை 4: ஆரம்பத்தில் பளிச், அரைமணியில் மங்கல்

மார்கழி, தை விடியலில் இதுதான் முதல் சந்தேகம். கண்மாய்ப் பக்கம் இன்னும் மோசம். டார்ச்சை லென்ஸின் முன்கண்ணாடிக்குப் பக்கவாட்டில், கண்ணாடியை உரசுகிற மாதிரிப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத ஈரம், சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளைப் படலமாகத் தெரியும். நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழ ஆரம்பிப்பது அதன் முன்னறிவிப்பு.

துண்டால் துடைக்காதீர்கள், ஈரம் போய் எண்ணெய்க் கறை வரும், ஐந்து நிமிடத்தில் ஈரமும் திரும்பி வரும். சூடுதான் தீர்வு. முதலில் லென்ஸ் ஹூட் போட்டுப் பாருங்கள், பாதி இரவை அதுவே தாங்கும். அடுத்தது யூஎஸ்பியில் ஓடும் டியூ ஹீட்டர் (ஈரம் படியாமல் சூடாக்கும்) பட்டை. முன்கண்ணாடிக்குச் சற்றுப் பின்னே, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் சுற்றுங்கள். 6 வாட் பட்டைக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஐந்து மணி நேரம் கொடுக்கும். பட்டையைக் குறைந்த சூட்டில் வைத்தால் சில பவர் பேங்குகள் யாரும் இல்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும், கவனம். சூடேறியதும் ஃபோகஸ் நகரும், கால் மணி கழித்துத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

கோடையிலும் புழுக்க இரவிலும் இதே குறை வேறு வழியில் வரும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் நொடியில் வேர்த்துவிடும். அறையிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே முக்கால் மணி வைத்துவிட்டுத் திறங்கள்.

படலம் உள்கண்ணாடியில் இருந்து, இரண்டு மணி நேரத்திலும் போகவில்லையென்றால் டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். நூலாம்படை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நிபுணரிடம்தான் போக வேண்டும், தள்ளிப்போட்டால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். திரும்பி வந்தபின் தோல் உறையில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசி டப்பா வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

குறை 5: வானம் வெளுத்து, வால்மீன் கரைந்துவிட்டது

நிலா எங்கே என்று முதலில் பாருங்கள். அடுத்தது ஊர் வெளிச்சம். மாலை வால்மீனுக்கு ஊருக்கு மேற்கே போனால் வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும். காரைக்குடிக்காரர்களுக்குக் குன்றக்குடிச் சாலைப் பக்கம். விடிகாலைக்குக் கிழக்கே, ஆனால் புதுவயலையும் தாண்டிப் போங்கள், அரிசி ஆலைகளின் விளக்கும் புகையும் அங்கே உண்டு. கோயில் திருவிழா நாளில் சீரியல் செட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இடம் மாற்ற முடியாதென்றால் ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மேடு இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்கும்படி வெளிச்சத்தைக் குறையுங்கள். மிச்சத்தைச் சிரில் அல்லது கிராக்ஸ்பெர்ட் மென்பொருளில் பின்னணி வெளிச்சத்தை நீக்கிச் சரிசெய்யலாம். இரண்டும் இலவசம்.

குறை 6: தலை இருக்கிறது, வால் இல்லை

பலமுறை வாலை வெட்டியது நீங்களேதான். பின்னணி நீக்கும்போது அதை அளக்க வைக்கும் மாதிரிப் புள்ளிகள் வால்மேல் விழுந்தால் மென்பொருள் அதையும் ஊர் வெளிச்சம் என்று எடுத்துத் துடைத்துவிடும். வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். அந்தப் பட்டையில் ஒரு புள்ளியும் வைக்காமல் மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்து ஃபிரேம். 200 மி.மீ.யில் 6.7க்கு 4.5 டிகிரிதான் அடங்கும். பெரிய வால் அதைத் தாண்டும், தலையை நடுவில் வைத்தால் பாதி வால் வெளியே. தலையை ஓரத்துக்குத் தள்ளுங்கள், இல்லை 85க்கு இறங்குங்கள். நீல வாயு வால் தூசி வாலைவிட மங்கல். இருட்டான இடமும் நிறையப் படங்களும் இல்லாமல் வராது. சில வால்மீன்களுக்கு வால் நம்மைப் பார்த்தோ நமக்கு அப்பாலோ நீள்வதால் குட்டையாகவே தெரியும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

குறை 7: அடுக்கியபின் தலை இழுபட்டிருக்கிறது

வால்மீன் நட்சத்திரங்களுக்கு இடையே ஓடுகிறது. நாளுக்கு 1 டிகிரி ஓடுவது என்றால் நிமிடத்துக்கு 2.5 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு 1 ஆர்க் செகண்ட்), 200 மி.மீ.யில் ஒரு பிக்சல் 4 ஆர்க் செகண்ட். அரைமணி எடுத்தால் 19 பிக்சல் நகர்ந்திருக்கும். நட்சத்திரத்தை வைத்து அடுக்கினால் தலை அவ்வளவும் இழுபடும்.

அடுக்கும் மென்பொருளான டீப்ஸ்கைஸ்டாக்கரில் முதல் படம், கடைசிப் படம், மற்றவற்றைப் பொருத்தும் ரெஃபரன்ஸ் படம் மூன்றிலும் தலையின் மையத்தைக் குறித்து, வால்மீனும் நட்சத்திரமும் சேர்ந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். சிரிலில் முதலில் நட்சத்திரப் பொருத்தம், பிறகு வால்மீன் பொருத்தம். முதலிலும் கடைசியிலும் தலையைக் குறித்தால் வேகத்தை அது கணக்கிடும். வால்மீன் அடுக்கில் நட்சத்திரங்கள் கோடாக மிஞ்சினால் அடுக்கும்போது சிக்மா நீக்கத்தை (ஒத்துப்போகாத பிக்சல்களை ஒதுக்கும் வசதி) இயக்குங்கள்.

குறித்தும் தலை தாறுமாறாக விழுந்தால், இடைப்பட்ட படங்களுக்கு மென்பொருள் ஃபைலில் பதிந்த நேரத்தைத்தான் நம்புகிறது என்பதை நினைவில் வையுங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அந்த நேரக்குறிப்பு அழிந்துவிடும், தரமும் போகும். கார்டிலிருந்து நேரே கணினிக்கு எடுங்கள்.

அடுக்கிய படத்தில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் தூவியிருந்தால் சென்சார் சூடு. லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே வினாடியில் 20 டார்க் படம் (அடுக்கும்போது கழிக்க வேண்டிய கருப்புப் படம்) அந்த இடத்திலேயே எடுங்கள். வீட்டுக்கு வந்து எடுத்தால் சூடு மாறியிருக்கும். மூலை இருட்டுக்கு, வெளுத்த வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸ்மேல் இழுத்துப் பிடித்து, காலை வானத்தைப் பார்த்து 20 ஃப்ளாட் படம் (எங்கும் ஒரே வெளிச்சம் விழும் படம்).

குறை 8: டிராக்கர் வைத்தும் கோடு விழுகிறது

வடக்கு, தெற்கு சுவிட்ச் வடக்கில் இருக்கிறதா பாருங்கள். பிறகு டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நமக்கு அது 10 டிகிரி உயரத்தில்தான், ஒரு முஷ்டி. மரமும் மூட்டமும் பல இரவுகளில் காட்டவே காட்டாது. காட்டவில்லையென்றால் போனின் சாய்வுமானியால் அச்சை 10 டிகிரிக்கு வைத்து, திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். 1 டிகிரி தப்பினாலும் 200 மி.மீ.யில் நிமிடத்துக்கு நாலு பிக்சல்தான் நகரும்; 15 வினாடிப் படத்துக்கு ஒரு பிக்சல். வால்மீனுக்கு இது போதும்.

வடக்கு சரி, எடையும் சமன், ஆனாலும் சில படம் நன்றாகவும் சில படம் கோடாகவும் மாறி மாறி வந்தால் பல்சக்கரத்தின் தள்ளாட்டம், எக்ஸ்போஷரைப் பாதியாக்குங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஓடுவதும் நிற்பதுமாக இருந்தாலோ திறந்து கிரீஸ் போடப் போகாதீர்கள். வாங்கிய இடத்துக்கே அனுப்பவேண்டியதுதான்.

குறை 9: போனில் வெறும் கருப்பு

நைட் மோட் வால்மீனை இரைச்சல் என்று எண்ணி வழித்துவிடும். புரோ மோட், 1x லென்ஸ், ஐஎஸ்ஓ 1600, 10 வினாடி, ஃபோகஸ் முடிவிலி, 3 வினாடி டைமர், ஸ்டாண்ட். 4 மேக்னிட்யூடைவிட மங்கல் என்றால் போனை விட்டுவிடுங்கள்.

சர்வீஸுக்குப் போகும்போது

பூஞ்சை, விலகிய கண்ணாடி, ஊதினாலும் போகாத சென்சார் தூசி ஆகியவற்றுக்கு மதுரை, திருச்சியில் உள்ள சர்வீஸ் சென்டர்கள்தான். சென்சார் தூசிக்கு, எஃப்/16இல் பகல் வானத்தைப் படமெடுத்துக் காட்டினால் கறை எங்கே என்று அவர்களுக்கு உடனே தெரியும். விலகிய கண்ணாடிக்கு, எஃப்/1.8இலும் எஃப்/2.8இலும் எடுத்த நட்சத்திரப் படம் ஒவ்வொன்று. எல்லாம் ரா ஃபைலாக, பென் டிரைவில். வாயால் சொன்னால் கவுன்டரில் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, லென்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.